ஆவாரங்குளத்தில் கோழிக் களவு விசாரித்தது

மூன்றாம் தடவையும் ஆவாரங்குளம் போய் வெறுங்கையோடு திரும்பியபோது, டாக்டர் பட்டமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று ஆகிவிட்டது தணிகைவேலுக்கு. நாற்பதைத் தாண்டிய கல்லூரி ஆசிரியர் அவர். இந்த வெயிலில் யார் அலையச் சொன்னார்கள்?

தேர்தல் வன்முறை வழக்குகளில் சாட்சிகள் ஏன் பின்வாங்குகிறார்கள் என்பது அவருடைய ஆய்வு. ஆவாரங்குளத்தில் ஓட்டுப் போட்ட அன்று ஒருவரை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். வெட்டியது கட்சிக் கிளைச் செயலாளரின் மச்சான் என்று வழக்கு. அங்கே குடியிருக்கும் முத்துப்பேச்சி அதைப் பார்த்தாள் என்று ஊரில் பேச்சு. அவளோ எதையும் பார்க்கவில்லை என்று போலீசில் சொல்லிவிட்டாள். தணிகைவேல் போனபோதும் மாட்டுக்குத் தீவனம் வைத்தபடி முதுகைக் காட்டிக்கொண்டே நின்றாள்.

அவருடைய ஆய்வு வழிகாட்டி பேராசிரியர் பிலோமினா. வயதில் இவரைவிடச் சின்னவர். கலவரம் நடந்த ஊர்களில் அலைந்தே முடி நரைத்தவர்.

"என்ன செஞ்சா மேடம் அந்தம்மா பேசுவாங்க? இப்ப சொசைட்டியில அவங்க பாலை மட்டும் எடுக்கிறதில்லையாம். தண்ணி கலந்திருக்குன்னு திருப்பி அனுப்புறாங்களாம். அந்த மாட்டை வச்சுத்தான் பிழைக்கிறாங்க, பாவம்."

பிலோமினா கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் தேய்த்துக்கொண்டார்.

"நாளைக்கு நானும் வர்றேன்."

மறுநாள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் தணிகைவேல் முத்துப்பேச்சி வீட்டைப் பார்த்து நடந்தார். பிலோமினா தெருவின் முதல் வீட்டுக்குள் நுழைந்துவிட்டார்.

"யூனிவர்சிட்டில இருந்து வர்றோம்மா. குற்றங்களைப் பத்திக் கேட்டுட்டு இருக்கோம். இந்தப் பக்கம் கோழி களவு போகுதா?"

"போகுதாவா? நல்லாக் கேட்டிய போங்க! உக்காருங்க, சொல்லுதேன்."

அந்த அம்மாள் சொன்னாள், சொன்னாள், சொல்லிக்கொண்டே இருந்தாள். காபி வந்தது. அடுத்த வீட்டிலும் அதே கேள்வி, மோர். அதற்கடுத்த வீட்டில் கலர் உடைத்துக் கொடுத்தார்கள். பிலோமினா ஒரு வீட்டையும் விடவில்லை. தணிகைவேலுக்கு வயிறு உப்பியது. எரிச்சல் அதைவிட உப்பியது.

கிளைச் செயலாளர் முதலில் முறைத்தார். கோழி என்றதும் முகம் மாறிவிட்டது. தன் சண்டைச் சேவலைத் தூக்கிக்கொண்டு போனவனைப் பற்றி, அழாத குறையாக, வெகுநேரம் புலம்பினார். பிலோமினா உச்சுக்கொட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

முத்துப்பேச்சியின் முறையும் வந்தது.

"உங்க வீட்டுல கோழி களவு போயிருக்காம்மா?"

"எனக்கேது கோழி? மாடுதான் கெடக்கு."

இதுதான் சமயம் என்று தணிகைவேல் வாயைத் திறந்தார். "அம்மா, அன்னைக்குத் தேர்தல்..."

"சரிம்மா, நாங்க வர்றோம்," என்று பிலோமினா எழுந்துவிட்டார். முத்துப்பேச்சி முதல்முறையாகத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.

தெருவின் கடைசி வீடுவரை போய்விட்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. தணிகைவேல் மைல்கல்லின் மேல் தொப்பென்று உட்கார்ந்தார். கோபப்படக்கூடத் தெம்பில்லை.

"என்ன மேடம் இது? விஷயம் இருக்கிறது ஒரே வீட்டுல. ஒரு நாள் பூரா ஊர் முழுக்கக் கோழிக்கதை கேட்டோமே, எதுக்கு?"

பிலோமினா செருப்பைக் கழற்றிவிட்டு வீங்கிய காலை நீவிக்கொண்டிருந்தார்.

"நீங்க மூணு தடவை வந்தீங்க. மூணு தடவையும் அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் போனீங்க, தணிகைவேல். அவங்க வாயே திறக்கலை. ஆனா எல்லாத்தையும் சொல்லிட்டாங்கன்னு ஊரே முடிவு பண்ணிடுச்சு."