துரைசானியின் படகும் பெரியகுளத்து மடையும்

வேங்கைக்குறிச்சி சமஸ்தானத்துக்கு ஒரு ராஜா, ஒரு கவர்னர். ராஜா மார்த்தாண்ட சேதிராயர் நாட்டை ஆள்வார். கவர்னர் பிளென்கின் துரை அவரைப் பாதுகாப்பார். யாரிடமிருந்து என்று மட்டும் கேட்கக் கூடாது. உத்தரவெல்லாம் ராஜாவுடையது, துரை வெறும் யோசனைதான் சொல்வார் என்று உடன்படிக்கையில் எழுதியிருந்தது. அந்த யோசனையைக் கேட்காத பக்கத்து ராஜா, கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு எங்கோ கடலோரத்தில் காற்று வாங்கிக்கொண்டிருந்தார்.

அந்தக் கோடையில் துரைசானிக்குப் படகில் போகும் ஆசை வந்தது. பெரியகுளத்துத் தண்ணீர் குறையாமல் மடையை மூடி வைக்கலாமே என்று துரை யோசனை சொன்னார். ராஜா வாயைத் திறப்பதற்குள் மடையடியில் இரண்டு சிப்பாய்கள் துப்பாக்கியோடு நின்றுவிட்டார்கள். கீழே பன்னிரண்டு ஊர் நெல்லும் பால் பிடிக்கும் பருவம். இன்னும் நாலு நாள் தண்ணீர் பாயாவிட்டால் பதர்தான் மிஞ்சும்.

"சிப்பாய் மேல் கை வைத்தால் என் கிரீடம் போகும். வைக்காவிட்டால் ஜனங்களின் சோறு போகும். நான் என்ன செய்வேன், கொழுந்து?" என்றார் ராஜா. அழாத குறைதான்.

மந்திரி திருமலைக்கொழுந்துக்கு வயிறு எரிந்தது. ஆனால் வயிறு எரிந்தால்தான் அவருக்கு மூளை நன்றாக ஓடும். தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு நேராகக் கவர்னர் பங்களாவுக்குப் போனார்.

"துரையவர்களே, ஊரில் ஒரு கெட்ட பேச்சு. மடையை மூட நீங்களே உத்தரவு போட்டு, ஆளும் நிறுத்தினீர்களாம். இது லண்டன் வரைக்கும் போய்விட்டால்?"

துரைக்கு முகம் சிவந்தது. இங்கே எல்லாம் ராஜாவின் விருப்பப்படியே நடக்கிறது என்று மாதம் தவறாமல் லண்டனுக்கு எழுதுகிறவர் அவர்.

"பொய்! நான் உத்தரவே போடவில்லை!"

"எனக்குத் தெரியாதா? அதையே இரண்டு வரி எழுதித் தந்தால், தண்டோரா போட்டு ஊர் வாயை அடைத்துவிடுகிறேன்."

துரை குஷியாக எழுதினார். மடையை மூட உத்தரவிடவில்லை, அங்கே யாரையும் நிறுத்தவும் இல்லை. கையெழுத்தும் போட்டு முத்திரையும் குத்தினார்.

அடுத்த நாழிகையில் குளக்கரையில் தண்டோரா முழங்கியது. மந்திரி காகிதத்தை உரக்கப் படித்துவிட்டு, சிப்பாய்களைப் பார்த்தார்.

"இவர்கள் கவர்னரின் ஆட்கள் இல்லை. அவருடைய சிப்பாய்கள் போல வேஷம் போட்டு வந்த எதிரிகள். பிடியுங்கள்!"

அரண்மனைக் காவலர் இருபது பேர் சூழ்ந்ததும் துப்பாக்கிகள் தாமாகத் தரைக்கு வந்தன. மடைக்காரன் மாசானம் தண்ணீருக்குள் முங்கி அடைப்பைப் பிடுங்கினான். வாய்க்காலில் தண்ணீர் இரைந்து ஓடியது. கரையில் நின்ற ஜனங்களோடு சேர்ந்து மந்திரியும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிடிபட்ட இருவரையும் ராஜாவின் சபையில் நிறுத்தியிருந்தார்கள். சேதி கேட்டுத் துரை சபைக்குள் புயலாக நுழைந்தார். "என் சிப்பாய்களை விடுங்கள்!"

"உங்கள் சிப்பாய்களா?" மந்திரி காகிதத்தை விரித்தார். "அப்படியானால் நீங்கள் கையெழுத்துப் போட்டுத் தந்தது பொய் என்று லண்டனுக்கு எழுத வேண்டிவருமே! உங்கள் ஆட்கள்தானா, நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள்."

துரை பார்த்தார். "இவர்களை நான் கண்டதே இல்லை."

"ஐயோ துரை! நேத்துக் காலையில கூட உங்க பூட்ஸுக்கு நான்தானே பாலிஷ் போட்டேன்!" என்று அலறினான் மூத்த சிப்பாய்.

துரை திரும்பிப் பார்க்காமல் வெளியேறினார். ராஜா அதுவரை அடக்கி வைத்திருந்த சிரிப்பில் சிம்மாசனமே ஆடியது.

"கொழுந்து, என்ன வேண்டுமோ கேளும்!"

"இந்த இரண்டு எதிரிகளையும் கொடுங்கள், மகாராஜா. பாவம், இனி இவர்களுக்கு எஜமான் இல்லை. பெரியகுளத்து மடைக்கே காவல் போட்டுவிடலாம். மடையை யாரும் திறக்காமல் பார்த்துக்கொண்டவர்கள், இனி யாரும் மூடாமல் பார்த்துக்கொள்ளட்டும்!"