நண்டிடம் கொடுத்த இறக்கை

அந்தக் காலத்தில் பறவைக்கும் நண்டுக்கும் ஒரே பேச்சுதான். கோடியக்கரைச் சதுப்பில் இருந்த கானாங்கோழிக் கூட்டம் ஒன்றைப் புயல் அடித்துக்கொண்டு போய், நடுக்கடலில் ஒரு தீவில் போட்டது. அங்கே நரி இல்லை, பாம்பு இல்லை. தாழம்பழமும் நத்தையும் வேண்டிய மட்டும் கிடைத்தன.

ஆனாலும் காற்று திரும்பியதும் எல்லாம் ஊருக்குப் புறப்பட்டன. வெள்ளாச்சி என்ற பெட்டைக்கு மட்டும் புயலில் இறக்கை எலும்பு முறிந்து கோணலாகக் கூடியிருந்தது. அவளால் பறக்க முடியாது. அவள் புருஷன் கருக்கான் அவளோடு தங்கிவிட்டான்.

தங்குவது பெரிதல்ல. பருவம் தவறாமல் அந்தக் கூட்டம் தீவின் மேலே போகும். கருக்கானின் தம்பி செங்காலன் மேலிருந்து கத்துவான்.

"அண்ணே, நண்டு வீட்டில் சம்பந்தம் பண்ணிவிட்டாயா? ஏறி வா!"

அந்தக் குரல் கேட்டால் கருக்கானின் இறக்கை அவனைக் கேட்காமலே விரியும். ஒரு முறை கடல்மேல் வெகுதூரம் போய்விட்டான். திரும்பிப் பார்த்தால், கரையில் வெள்ளாச்சி ஓடி வந்துகொண்டிருக்கிறாள். அலை புரட்டிப் போட்டது. எழுந்து மறுபடியும் ஓடினாள். அவன் திரும்பி வந்தான்.

"அடுத்த தடவை ஓடி வரமாட்டேன். போய்விடுங்கள்" என்றாள் அவள்.

விடிந்ததும் கருக்கான் தென்னையடியில் இருந்த பெரிய நண்டிடம் போனான்.

"அண்ணாச்சி, இந்த இறகுகளை நறுக்கிவிடுங்கள்."

"நான் தேங்காய் உரிக்கிறவன். என்னை நாவிதன் என்று நினைத்தாயா?"

"தேங்காயை விட இது மெதுதான்."

"மறுபடி முளைக்குமே, தம்பி."

"முளைக்க முளைக்க வருவேன்."

நண்டு கொடுக்கைத் திறந்தது.

மொட்டை இறக்கையோடு வந்தவனை வெள்ளாச்சி அலகால் நாலு கொத்து கொத்தினாள். "அறிவு இருக்கிறதா உங்களுக்கு?" என்றாள். அப்புறம் வெகுநேரம் அவன் பக்கத்திலேயே நின்றாள்.

அந்த வருஷம் பிறந்த குஞ்சுகள் தாய் பறந்தும் பார்த்ததில்லை, தகப்பன் பறந்தும் பார்த்ததில்லை. நடப்பதுதான் பறவையின் வேலை என்று வளர்ந்தன. அவற்றின் பிள்ளைகளும் அப்படியே. வேலையில்லாத இறக்கை தலைமுறைக்குத் தலைமுறை சிறுத்தது.

அன்று தொட்டுத்தான் அந்தத் தீவுக் கானாங்கோழி பறப்பதில்லை. மேலே பறவைக் கூட்டம் கத்திக்கொண்டு போகும்போதெல்லாம், அது முதலில் தன் இணையைத் திரும்பிப் பார்க்கிறது.