டீக்கடைக்கு ஒரு கையெழுத்து

"சாமி, கையெழுத்துப் போடலாமா, வேண்டாமா?"

வந்ததும் வராததுமாகச் சுகிர்தா இதைத்தான் கேட்டாள். இடுப்பில் ஏழு மாதப் பையன். கையிடுக்கில் ஒரு ஃபைல். வாசலில் அவள் கணவன் நவநீதன் பைக்கை விட்டு இறங்காமலே உட்கார்ந்திருந்தான்.

மடத்துச் சாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவளைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவரிடம் பாடம் கேட்டு வருகிறவள் அவள்.

"எதுக்குக் கையெழுத்து?"

"டீக்கடைக்கு. ஃபிரான்சைஸ் சாமி. கடை நம்மது, பேர் கம்பெனியோடது. பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல இடம் பார்த்தாச்சு. மத்தியானம் வரச் சொல்லியிருக்காங்க."

"நல்லதுதானே."

"நல்லதுதான்..." அவள் இழுத்தாள். "அவர் வாங்கற கடனுக்கு நான் ஜாமீன் போடணுமாம். அம்மா எனக்கு எழுதிவெச்ச வீட்டை வெச்சு. எங்களுக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான் சாமி. இவன் தூங்கறது அங்கதான்."

"அக்ரிமெண்ட்டைப் படிச்சுப் பார்த்தியா?"

"திரும்பத் திரும்பப் படிச்சேன்."

அவள் கான்வென்ட்டில் படித்தவள். இங்கிலீஷுக்குப் பரிசு வாங்கியவள்.

"ஒவ்வொரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியுது. மொத்தமாச் சேர்த்தா தலை சுத்துது. டெபாசிட் திரும்பி வராதுன்னு போட்டிருக்கு. டீத்தூள்லேருந்து கப் வரைக்கும் அவங்ககிட்டதான் வாங்கணும், அவங்க சொன்ன விலைக்கு. அவங்களுக்குப் பிடிக்கலைன்னா எப்ப வேணா நிறுத்திக்கலாம். நமக்கு முடியலைன்னா அஞ்சு வருஷம் விலக முடியாது. விலகினாலும் இந்த ஊர்ல வேற டீக்கடை வைக்கக் கூடாதாம். இதெல்லாம் எல்லாருக்கும் இருக்கறதுதானா, இல்லை எங்களுக்கு மட்டுமா, அதுவே தெரியலை. மாமனார் போடுங்கறார். அக்கா வேணாங்கறா. ரெண்டு பேர் சொல்றதும் சரின்னுதான் படுது."

"கம்பெனிக்காரர்கிட்ட கேக்கலாமே."

"எப்படிக் கேக்கறது? ரொம்பத் தன்மையான மனுஷர். தங்கச்சி தங்கச்சின்னு கூப்பிட்டு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார். இவனை வேற கொஞ்சினார். அவர்கிட்ட போய், கடை ஓடலைன்னா எங்க வீடு என்ன ஆகும்னு கேட்டா தப்பா நினைக்க மாட்டாரா? கேக்கட்டுமான்னதுக்கே இவர் கோவிச்சுக்கறார், உனக்கு யார் மேலயும் நம்பிக்கை கிடையாதுன்னு."

வாசலில் ஹாரன் அடித்தது.

"நீங்க சொல்லிடுங்க சாமி. போடுன்னா போட்டுடறேன்."

சாமி முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினார்.

"பையனைக் கொடு."

"இப்பவா?"

"கொஞ்ச நேரம் வெச்சுக்கறேனே."

அவள் அவர் கைகளைப் பார்த்தாள்.

"கையெல்லாம் கீரை மண்ணு. கழுவிட்டு வாங்க சாமி."

சாமி எழுந்துபோய்க் கழுவிவிட்டு வந்தார்.

"துடைச்சுக்குங்க, ஈரக் கை அவனுக்கு ஆகாது. முதுகுக்கு ஒரு கை கொடுங்க. அப்படி இல்லை, இப்படி. இப்பதான் பால் குடிச்சான், குலுக்கிடாதீங்க. அந்த உருத்திராட்சத்தைக் கழட்டிடுங்களேன், வாயில வெச்சுப்பான்."

சாமி கழற்றி ஆணியில் மாட்டினார்.

"படிக்கட்டுப் பக்கம் போகக் கூடாது. என் கண்ணெதிர்லயே நிக்கணும். அழுதா உடனே என்கிட்ட கொடுத்துடணும்."

"அவ்வளவுதானா?"

"எச்சில் ஒழுகும். துண்டு இந்தாங்க."

அதற்குப் பிறகுதான் குழந்தை கை மாறியது.

பிள்ளைகளைத் தூக்கிப் பழக்கமில்லாத சாமி, தளும்பத் தளும்பத் தண்ணீர்க் குடத்தை ஏந்தியவர் மாதிரி விறைத்து நின்றார். சுகிர்தாவுக்குச் சிரிப்பு வந்தது. பையன் அவர் தாடியைப் பார்த்தான். உதடு பிதுங்கியது. வீறிட்டு அழுதான்.

அவள் கையை நீட்டினாள். சாமி ஓரடி பின்வாங்கினார்.

"தர மாட்டேன்."

"அழறான் சாமி."

"அழட்டும். எனக்குக் கை வலிச்சா எப்ப வேணா இறக்கி விட்டுடுவேன். நீ கேட்டா தர மாட்டேன்."

"இது என்ன பேச்சு! விளையாட்டுக்குக்கூட அப்படிச் சொல்லாதீங்க."

குரு என்றும் பாராமல் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். தோளில் சாய்த்து முதுகைத் தட்டினாள். பையன் அழுகையை நிறுத்திவிட்டான். அவள்தான் தட்டுவதை நிறுத்தவில்லை.

சாமி உட்கார்ந்து முறத்தை இழுத்துக்கொண்டார்.

"நான் வந்தது எதுக்கு, நீங்க பண்றது என்ன? வரும்போது இருந்த குழப்பத்தோட இது ஒரு குழப்பம். போடவா, வேண்டாமா?"

"டீக்கடையைப் பத்தி எனக்கு என்னம்மா தெரியும்?"

ஹாரன் மறுபடி அடித்தது. இந்தத் தடவை நீளமாக. அவள் ஃபைலை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினாள்.

"அப்போ நீங்களும் ஒண்ணும் சொல்ல மாட்டீங்க."

சாமி ஒரு தண்டிலிருந்து பூச்சி அரித்த இலையைக் கிள்ளிப் போட்டார்.

"கை கழுவச் சொன்னே. மாலையைக் கழட்டச் சொன்னே. அழுதா திருப்பிக் கொடுக்கணும்னே. இத்தனையும் சொன்னியே, நான் தப்பா நினைச்சுப்பேன்னு உனக்குத் தோணவே இல்லையே?"

சுகிர்தா கையிலிருந்த ஃபைலைப் பார்த்தாள். வாசலில் ஹாரன் விடாமல் அடித்தது. அவள் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.