கஸ்பாரின் வலக்கை

கடலோரக் கத்தோலிக்க ஊர் ஒன்று. கோயிலுக்கு வராதவன் செத்தால் அங்கே கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை. வேலிக்கு வெளியே, நாய் தோண்டும் மணலில்தான் குழி. சாகும்போதாவது "விசுவசிக்கிறேன்" என்று இரண்டு சாட்சிகள் முன்னால் ஒப்புக்கொண்டால் உள்ளே விடுவார்கள். பேச முடியாவிட்டால் கேட்பவர் கையை அழுத்தினால் போதும். ஊர் வழக்கம் அது.

படகு எஞ்சின் பழுதுபார்க்கும் கஸ்பார் முப்பது வருஷமாகக் கோயில் படி மிதிக்கவில்லை. கேள்வி கேட்டால் சாமியார் பதில் சொல்வதில்லை, முழங்காலில் நிற்கச் சொல்கிறார் என்பது அவர் கட்சி. ஆனால் கோயிலில் செபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் இஞ்ஞாசிதான் அவருக்குத் தினமும் மத்தியானச் சீட்டாட்டத் துணை.

"நீ நரகத்துக்குத்தாம்லே போவ."

"அங்கயும் ஆட ஆள் வேணும். நீயும் வந்திரு."

பக்கவாதத்தில் வலது பக்கம் முழுக்க விழுந்ததும் கஸ்பார் குழறிக் குழறி மகள் ரெஜினாளிடம் வாக்கு வாங்கினார். "என்னைய எங்க வேணும்னாலும் பொதைங்க, அது ஒங்க அம்மா இஷ்டம். ஆனா நான் மாறிட்டேன்னு எவனாவது சொன்னா, இல்லன்னு எல்லார் முன்னாலயும் நீ சொல்லணும்."

"சொல்றேம்பா."

இரண்டு மாதத்தில் பேச்சும் நின்றது. இஞ்ஞாசி வந்து அவர் வலக்கையைப் பிடித்துக்கொண்டு, "விசுவசிக்கியாடே?" என்று கேட்டார். குனிந்து அந்தக் கையைப் பார்த்தார். பிறகு, "அழுத்திட்டான்" என்றார்.

"ஆமா, நானும் பாத்தேன்" என்றாள் மனைவி பிலோமி. ஒரு நாள் பூசை தவறாதவள்.

அந்தக் கையைத் தினமும் தூக்கித் துடைப்பவள் ரெஜினாள். அதில் ஒரு விரல்கூட அசையாது.

இஞ்ஞாசி போனதும் அம்மா அவள் தோளைப் பிடித்தாள். "ஏட்டி, நீ வாயத் தொறந்தா அப்பா மணலுக்குப் போவாரு. நாளைக்கு நான் அவரு பக்கத்துல கெடக்க வேண்டாமா?"

அன்று சாயங்காலமே கஸ்பார் போய்விட்டார்.

அடக்கப் பூசையில் சாமியார் சொன்னார்: "முப்பது வருஷ ஆணவம் ஒரு நிமிஷத்தில் மண்டியிட்டது. கஸ்பார் தன் கேள்விகளைத் தூக்கி எறிந்துவிட்டுத்தான் கண்ணை மூடினார்."

பெட்டி இறங்கியது. குழி மூடியது. கடைசி மண்ணும் விழுந்த பிறகு ரெஜினாள் சத்தமாகச் சொன்னாள்: "எங்கப்பா மாறல. அந்தக் கை வெளங்காத கை. இவங்க ரெண்டு பேரும் சொன்னது பொய்."

மந்திரித்த குழியைத் தோண்டக் கூடாதென்பதால் கஸ்பார் உள்ளேயே கிடக்கிறார். இஞ்ஞாசிக்கு வேலை போயிற்று. பொய்ச்சாட்சி சொன்ன பிலோமிக்குப் பூசையில் நற்கருணை அப்பம் கிடையாதென்றார் சாமியார். செத்தால் அவளுக்குத் தோட்டத்தில் இடமுண்டா என்றதற்கு அவர் பதிலே சொல்லவில்லை.

சிநேகிதனுக்காகப் பொய் சொன்னார் ஒருவர். புருஷனுக்காகப் பொய் சொன்னாள் ஒருத்தி. அப்பாவுக்காக உண்மையைச் சொல்லி அம்மாவைக் கவிழ்த்தாள் இன்னொருத்தி. இவர்களில் யார் செய்தது சரி?

விடை: ரெஜினாள். குழி எங்கே என்பதைக் கஸ்பாரே அம்மா இஷ்டத்துக்கு விட்டுவிட்டார். மகள் அதைக் கெடுக்கவில்லை, மண் மூடும்வரை பொறுத்தாள். ஆனால் அவர் மனசை அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. மற்ற இருவரும் அதை எடுத்துச் சாமியார் கையில் கொடுத்தார்கள். பிரியத்தில்தான் கொடுத்தார்கள், அதற்காக அது அவர்களுடையதாகிவிடுமா? பிலோமி பாவம் என்பீர்கள். பாவம்தான். அன்றிலிருந்து அவள் மகளோடு பேசுவதில்லை, மகள் ஆக்கிய சோற்றைத் தொடுவதில்லை. அதனால் மகள் சொன்னது தப்பாகிவிடாது.