பிரிடெண்ட் பட்டம்

முன்னொரு காலத்திலே பூவாற்றூர்ச் சீமையைச் சிங்கமுக பூபதி என்றொரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் தேர்த் திருவிழா வந்தால் மட்டும் அவருக்கு வயிற்றைக் கலக்கும். ராஜா பட்டினி கிடந்து முதல் வடம் பிடித்தால்தான் தேர் நகரும் என்பது அந்த ஊர் வழக்கம். பட்டினிக்கும் அவருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது!

அந்த வருஷமும் தேரன்று காலையில், "ஐயோ வயிறு!" என்று சபைக்கு நடுவிலேயே சாய்ந்துவிட்டார். துறைமுகத்திலிருந்து இங்கிலீஷ் டாக்டர் துரையைக் கூட்டி வந்தார்கள். துரை வயிற்றை அமுக்கிப் பார்த்தார். மீசையில் ஒட்டியிருந்த லட்டுத் துணுக்கையும் பார்த்தார். "பிரிடெண்ட்! பிரிடெண்ட்!" என்று சிரித்தார்.

"என்ன சொல்கிறார்?" என்றார் ராஜா. துரையின் பேச்சை மொழிபெயர்க்கும் துபாஷி, "சரியாகக் காதில் விழவில்லை மகாராஜா" என்று மென்று விழுங்கினான்.

சபையில் இருந்த உத்தியோகஸ்தர் ஏகாம்பர ராயர் விடுவாரா? மந்திரி மருதவாணரின் முத்திரை மோதிரத்தின்மேல் பத்து வருஷமாக அவருக்குக் கண்.

"இங்கிலீஷ் எனக்குத் தண்ணி பட்ட பாடு, மகாராஜா! பிரிடெண்ட் என்றால் ராஜாக்களுக்கெல்லாம் ராஜா. அவர்கள் சிங்காதனத்தில் பிறந்த சொல்!" என்று அளந்துகொண்டே போனார்.

ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. "இனி இதுதான் என் முதல் பட்டம். கோட்டை வாசலில் செதுக்குங்கள்! மருதவாணரே, உமக்கு அர்த்தம் தெரியுமா? தெரியாவிட்டால் மோதிரத்தைக் கழற்றி ராயரிடம் கொடும்."

ராயர் அளந்த நேரத்திலேயே மருதவாணர் துபாஷியைத் தூணோரம் தள்ளிக்கொண்டுபோய் எல்லாம் கேட்டு வைத்திருந்தார். சொன்னால் தலை போகும், சொல்லாவிட்டால் மோதிரம் போகும். செதுக்கிவிட்டாலோ, வெள்ளைக்காரர்கள் அத்தனை பேரும் வாசலில் நின்று சிரிப்பார்கள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"மகாராஜா, இவ்வளவு பெரிய புகழ்ச்சிக்குப் பதில் மரியாதை வேண்டாமா? ராயர் தம் வாயாலேயே அதே சொல்லைத் துரைக்குச் சொல்லட்டும்" என்றார்.

ராயர் வில்லாய் வளைந்து கும்பிட்டார். "துரை! யூ பிரிடெண்ட்! யூ பிரிடெண்ட்!"

துரையின் முகம் மிளகாய்ப்பழமாகிவிட்டது. கைத்தடியை ஓங்கிக்கொண்டு கத்தினார். துபாஷி, "'நானா பாசாங்கு பண்ணுகிறேன்? பன்னிரண்டு வருஷம் வைத்தியம் படித்தவன்!' என்கிறார், மகாராஜா" என்று உளறிவிட்டான்.

ராஜாவின் மீசை துடித்தது. "பாசாங்கா? அப்படியானால் என்னையும் அதைத்தான் சொன்னாரா?"

மருதவாணர் தம் அங்கவஸ்திரத்தின் ஒரு முனையைத் துபாஷியிடம் கொடுத்து, ராஜாவுக்கு முன்னால் விரித்துப் பிடித்தார்.

"கூத்தில் ராஜா வேஷம் வரும்போது இப்படித்தானே திரை பிடிப்பார்கள்? அந்தச் சொல்லின் பிறப்பும் இதுதான், மகாராஜா. லத்தீன் என்கிற மேல்நாட்டுப் பழைய மொழியில் 'முன்னால் விரித்துப் பிடிப்பது' என்று அர்த்தமாம். முன்னால் ஒன்றை விரித்து, பின்னால் வேறொன்றை வைத்திருந்தால், அதுதான் பாசாங்கு."

"என் திரைக்குப் பின்னால் என்ன இருந்ததாம்?"

"லட்டு, மகாராஜா."

மருதவாணர் திரையை இறக்காமலே தொடர்ந்தார்.

"ஆனால் நம் ஊர்க் கூத்தில் ராஜாவுக்குத்தான் திரை, சேவகனுக்குக் கிடையாது. ஒன்றே ஒன்று, திரையை இறக்கினதும் ராஜா வெளியே வந்து ஆடியாக வேண்டும். வெயிலில் வடத்தைப் பிடித்தபடி ஊரே காத்திருக்கிறது."

ராஜா முதலில் முறைத்தார். அப்புறம் ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள்! "ஐயையோ, இப்போது நிஜமாகவே வயிறு வலிக்கிறதே!" என்று உருண்டு புரண்டு சிரித்தார். துணியைத் தாமே இழுத்துப் போட்டுவிட்டு, கையிலிருந்த ரத்தினக் கடகத்தைக் கழற்றி மருதவாணருக்குப் போட்டார்.

"ராயரே, உமக்குத்தான் பிரிடெண்ட் பட்டம்! வருஷம் முழுக்க அரண்மனைக் கூத்தில் நீரே திரை பிடியும்."

தேரடிக்குப் போன ராஜா முதல் வடத்தைப் பிடித்துக்கொண்டு, "ஜனங்களே, நான் லட்டு தின்றுவிட்டேன்! நாளைக்குப் பட்டினி கிடக்கிறேன், இன்றைக்கு மன்னியுங்கள்!" என்று கூவினார். ஜனங்கள் சிரித்த சிரிப்பிலேயே தேர் பாதித் தெரு ஓடிவிட்டதாம்.

அந்தத் திருவிழாக் கூத்தில் ராஜா வேஷம் வந்து நின்றதும் ஊரே ஒரே குரலாய்க் கத்தியது: "பிரிடெண்ட் ராயரே, திரையை இறக்கும்!"