வீட்டுக்குப் போக மறுத்தவன்

தப்பு செய்தவனைத் திருத்துவது சுலபம் என்று நினைப்பவர்கள் திலகவதியின் நாற்காலியில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கட்டும். சிறுவர் சீர்திருத்த இல்லத்தில் அவள் மனநல ஆலோசகர். அவளிடம் வரும் பையன்கள் குழந்தைகளிடம் தகாத முறையில் நடந்துகொண்டவர்கள். ஊரார் அவர்கள் முகத்தில் விழிக்க மாட்டார்கள். அவளுக்கும் சில நாள் சோறு இறங்காது. ஆனாலும் என்றைக்காவது அவர்கள் வெளியே போகத்தான் போகிறார்கள். இன்னொரு குழந்தைக்கு அப்படி நேரக் கூடாது என்பதற்காகவே அவள் வேலைக்கு வந்துகொண்டிருந்தாள்.

அந்த மார்கழியில், இந்தப் பையன்களின் வழக்கை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஒரு பையனைத் தை மாதத்துக்குள் மூன்று நாள் வீட்டுக்கு அனுப்பிப் பார்க்கலாம். யாரை என்று ஆலோசகரே சொல்ல வேண்டும். கண்காணிப்பாளர் ஜெபமணி படித்த கையோடு, "பொங்கலுக்கு ஒருத்தனுக்கு யோகம்டா!" என்று இல்லம் முழுக்கச் சொல்லிவிட்டார்.

சீக்கிரமே வெளியே போகவிருந்த பதினேழு வயதுப் பையன்கள் மூவர் இருந்தார்கள். திலகவதி ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, அந்தச் செயலில் கொண்டுபோய் விட்ட படிகளை வரையச் சொன்னாள். ஒவ்வொரு படியிலும் அதற்கு முன்னால் நினைத்ததையும் செய்ததையும் எழுத வேண்டும்.

பிரதாப் ஒரே படி வரைந்தான். 'ஒரு நொடி புத்தி கெட்டுவிட்டது.' தாள் நனைய அழுதான். "இனிமே அந்த நெனப்பே வராது மேடம், எங்கம்மா மேல சத்தியம்" என்று காலில் விழுந்தான். அது பொய்யழுகை இல்லை.

கோகுலின் தாளில் ஐந்து படிகள். கெட்ட சிநேகிதன், அவன் கொடுத்த போன், கண்டிக்காத அப்பா என்று எல்லாப் படியிலும் அடுத்தவர்களே நின்றார்கள். ஆனால் இரண்டு வருடத்தில் அவன் மேல் ஒரு புகார் கிடையாது. ஜெபமணிக்கு அவன்தான் செல்லம்.

சேந்தன் ஒன்பது படிகள் வரைந்தான். ஒவ்வொன்றும் 'நான்' என்று தொடங்கியது.

"போன வாரம்கூட அந்த நெனப்பு வந்துச்சு மேடம். உடனே ஜெபமணி சார் பக்கத்துல போய் உக்காந்துக்கிட்டேன். பொங்கலுக்கு என்னை அனுப்பாதீங்க. அக்கா பிள்ளைங்க எல்லாம் வந்திருக்கும்."

ஜெபமணி தலையில் அடித்துக்கொண்டார். "அவனே மாட்டேங்கிறான். நெனப்பு வேற இன்னும் வருதாம். அவனை விட்டுத் தள்ளுங்க மேடம்."

இங்கே ஆளைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் அனுபவிக்கப் போவது ஒரு குழந்தை. இப்போது சொல்லுங்கள், திலகவதி யார் பெயரை எழுதுவது சரி?

விடை: சேந்தன் பெயரைத்தான். அதையேதான் அவளும் எழுதினாள். நினைப்பே வராது என்பவன், வந்தால் என்ன செய்வதென்று யோசித்திருக்க மாட்டான். பழியெல்லாம் அடுத்தவர் மேல் என்பவனுக்குத் தன்னிடம் மாற்ற எதுவுமில்லை. சேந்தனோ வந்ததை ஒளிக்கவில்லை, விலகவும் தெரிந்துகொண்டிருந்தான். பொங்கல் என்பது ஜெபமணி தானாகச் சேர்த்துக்கொண்டது. கடிதத்தில் இருந்தது தை மாதம். விருந்தாளிகள் கிளம்பிய பிறகு, தை கடைசியில் நாள் குறித்தாள். அவன் அம்மாவுக்குப் போன் போட்டு எதையும் மறைக்காமல் சொன்னாள்.

"வரட்டும்மா" என்றாள் அந்த அம்மா. "அந்த மூணு நாளும் நான் வேலைக்குப் போகல. அவன் கூடவே இருக்கேன்."