சாகாத பேரு

ஒரே ஒரு ஊர்ல வெயிலான்னு ஒரு பொரிக்காரன் இருந்தான். சட்டியில அரிசி படபட படபடன்னு பொரியும், கூடவே அவன் மனசும் படபடன்னு அடிச்சுக்கும். ஏன்னா, அவனுக்கும் பொண்டாட்டி சுடலிக்கும் முன்னாடி பொறந்த ரெண்டு புள்ளைங்களும் தங்கல. இப்போ மூணாவதா ஒண்ணு பொறந்திருக்கு, கொழுகொழுன்னு ஒரு ஆம்பளப் புள்ள. ம் சொல்லு.

"ம்."

"எமனே பயப்படுற மாதிரி பேரு வைக்கணும்"னு வெயிலான் கிளம்பிட்டான். பக்கத்துத் தெருவுல ஒரு புலவர். "அமரன்னு வை. சாவே இல்லாதவன்னு அர்த்தம்"னாரு. வெயிலானுக்கு ஒரே குஷி. பூக்கடைக்கு ஓடி, "எங்க வீட்டு அமரனுக்கு ஒரு மாலை குடு"ன்னான். பூக்காரி காதுல அது "அமரருக்கு"ன்னு விழுந்துச்சு. செத்தவங்களத்தானே அப்படிச் சொல்லுவாங்க? அவ நாலு பேருக்குச் சொன்னா. அப்புறம் என்ன, பூம் பூம்னு சங்கு ஊத ஆளு வந்தாச்சு! சுடலியோட சித்தி "ஐயோ ராசா"ன்னு மார்ல அடிச்சுக்கிட்டே உள்ள வந்தா. பார்த்தா, ராசா மடியில படுத்து சப்பு சப்புன்னு பால் குடிச்சுட்டிருக்கு.

சுடலி புள்ளைய இறுக்கிப் புடிச்சவ அன்னிக்குப் பூரா கீழ விடல. "இந்தப் பேரு வேண்டாங்க"ன்னா.

அப்புறம் புலவர், "சிரஞ்சீவின்னு வை. என்னைக்கும் வாழுறவன்"னாரு. அந்தப் பேரோட புள்ளைய ஒரு கல்யாணத்துக்குத் தூக்கிட்டுப் போனாங்க. பந்தியில பக்கத்து இலைப் பெரியவர், "பேரு என்ன?"ன்னாரு.

"சிரஞ்சீவி."

"அது பத்திரிகையில மாப்பிள்ளை பேருக்கு முன்னாடி போடுறதுப்பா. பின்னாடி என்ன?"

"பின்னாடி ஒண்ணுமில்ல. சிரஞ்சீவிதான்."

"அது சரி. பேரு?"

இதே பேச்சுல பந்தி முடிஞ்சுபோச்சு. வெயிலானுக்குப் பாயசமே கிடைக்கல.

அப்போ புலவர் மூணாவதா ஒரு பேரு குடுத்தாரு. "மிருத்யுஞ்சயன்! சாவையே ஜெயிச்சவன்!" சொல்லும்போதே அவரு கடைவாய்ப் பல்லு ஆடிருச்சு. வெயிலான் பொரி வறுத்துக்கிட்டே சொல்லிச் சொல்லிப் பார்த்தான். "மிருது... மிருதங்கம்... மிளகுரசம்..."

ம் எங்கே?

"ம்..."

புள்ள தவழ ஆரம்பிச்ச சமயம் அது. ஒருநாள் வெயிலான் நிமிர்ந்து பார்த்தா, சரசர சரசரன்னு கொல்லைப் பக்கம் போகுது. அங்க சுத்துச்சுவர் இல்லாத கிணறு! ஓடிப் புடிக்க எட்டாத தூரம். பேரச் சொல்லிக் கூப்பிடலாம்னா, "மிரு... மிருத்து..." நாக்கு புரள மாட்டேங்குது. புள்ள கிணத்து விளிம்புக்கே போயிருச்சு.

"நில்லுடா!"

சுடலி போட்ட சத்தத்துல கூரையில இருந்த காக்கா எல்லாம் சடசடன்னு பறந்துச்சு. புள்ள டக்குனு நின்னுச்சு. திரும்பி அம்மாவப் பார்த்து, பொக்கை வாயத் தொறந்து சிரிச்சுது. சுடலி பாஞ்சு போய் வாரி எடுத்தா. புருஷனும் பொண்டாட்டியும் அங்கேயே உட்கார்ந்து அழுதாங்க, அழுதாங்க, அப்படி அழுதாங்க.

அழுது முடிச்சு மூக்கச் சிந்திட்டு சுடலி சொன்னா, "எமன மிரட்டப் பேரு எதுக்குங்க? புள்ளகிட்டயே கேட்டுக்குவோம். எங்ககூட நில்லுடான்னு."

அதுவே பேராச்சு. நில்லு! வெயிலான் மறுநாளே கிணத்துக்குச் சுவர் எடுத்தான்.

அப்புறம் நில்லு வளர்ந்தான், கல்யாணம் கட்டினான், பேரன் பேத்தி எடுத்தான், தலை பஞ்சா வெளுத்துருச்சு. அப்போ ஒருநாள் எமனோட ஆளு, டொக்கு டொக்குனு எருமை மேல ஏறி வந்து வாசல்ல நின்னு, "நில்லு, வா!"ன்னான்.

கிழவன், "நிக்கவா, வரவா? ஒழுங்கா ஒண்ணு சொல்லு"ன்னான்.

வந்தவன் திருதிருன்னு முழிச்சான். மறுபடியும் "நில்லு... வா..."ன்னு சொல்லிப் பார்த்தான். அவனுக்கே குழம்பிப்போச்சு. கயித்தச் சுருட்டிக்கிட்டு, "மேல கேட்டுட்டு வரேன்"னு போனான். போனவன் இன்னும் வரல.

கதை பாய விரிச்சுப் படுத்தாச்சு. நீயும் கண்ண மூடு.